ஒற்றை இல்லாத கொத்து

சேசு மரி சூசை துணை

கில்டேரி வீடு, கிழக்குக் கால்வே
12 ஜூலை 2016

அன்புள்ள டிம்ப்னா,

நான் நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? கிணற்றடிக்குப் போகும்போது கம்பை எடுத்துப் போகிறாயா என்று கேட்டிருந்தேன். உன் கடிதத்தில் கம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்படியென்றால் எடுத்துப் போவதில்லை.

நேற்று இங்கே நடந்ததை எழுதினால் நீ அதிர்ந்துபோவாய். வனத்துறையிலிருந்து ஒருவன் வந்தான். கதவைத் தட்டவில்லை. நேராகப் பின்பக்கம் போய் உன் அண்ணனின் தோப்புக்குள் நுழைந்துவிட்டான். வாயில் மிட்டாய் வேறு.

“யாரப்பா நீ?” என்றேன்.

“ஆஷ் மரத்துல நோய் இருக்கான்னு பாக்கணும் பாட்டி.”

பாட்டி! “நான் உனக்குப் பாட்டி இல்ல, மிசஸ் லாவெல். வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு” என்றேன். முழுங்கினான். பேசாமலே போய்விட்டான். இன்று காலையே கேட்டில் இருந்த துருப்பிடித்த பூட்டை எடுத்துவிட்டுப் புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டேன்.

மலக்கியின் மரங்கள் நலம். ஊர் ஹர்லிங் அணிக்கு மட்டை செய்ய மரம் வேண்டும் என்று உன் அண்ணன் ஆசையாக நட்டாரே, அந்த நானூறும் நலம். யாராவது வேறு விதமாகச் சொன்னால் நம்பாதே.

வழக்கம்போல் ஒரு கொத்து வைத்திருக்கிறேன். இரு பக்கமும் ஐந்தைந்து இலை, எப்போதும் நுனியில் இருக்கும் ஒற்றை இலை இதில் இல்லை. எண்ணிப் பார்த்துக்கொள். இதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு இருக்கும். இந்த வருடம் மழை அதிகம், அதனால்தான்.

அவர் ஆன்மாவுக்காக வை.

உன் அண்ணி,
அட்ராக்டா

*

இனிஷ்கீரா தீவு
30 ஜூலை 2016

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். கம்பு கதவுக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. போதுமா?

கொத்து வந்தது. அன்றைக்கே புனித கீரான் கிணற்றடிக்குக் கொண்டுபோய், அண்ணன் பெயரைச் சொல்லி, ஆஷ் மரத்தின் வேரில் அந்தத் தட்டைக் கல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். கிணற்றடியில் வைத்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என் அம்மா சொல்வார்கள் இல்லையா? உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கன்னியர் மடத்துப் பள்ளி முற்றத்தில் நாமெல்லாம் ஒற்றை இல்லாத கொத்து தேடி அலைவோம். கிடைத்தவளுக்கு அந்த வருடமே சோடி அமையும் என்பார்கள். உங்களுக்குக் கிடைத்தது, என் அண்ணன் அமைந்தார். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்!

வீட்டில் ஒரு பெண் தங்கியிருக்கிறாள். பெயர் ரியோனா. மர நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் நிலையத்தில் வேலை. நாடு முழுவதும் ஆஷ் மரங்கள் நுனிக்கருகல் என்ற காளான் நோயில் சாகின்றனவாம். கடல் நடுவில் இருப்பதால் நம் அறுபத்தொரு மரத்தில் மட்டும் நோய் இல்லையாம். இலையுதிர் காலத்தில் விதை எடுத்து நாடெங்கும் நடப் போகிறாளாம். ஐந்து வருட உழைப்பு.

படகுத்துறையில் மருந்துத் தொட்டி வைத்து எல்லாரையும் காலணி கழுவ வைக்கிறாள். பங்குச் சாமியாரையும் விடவில்லை. படகுக்காரர் கோல்மன் சும்மா இருப்பாரா? “ஏம்மா காலணி ராணி, மீனுக்கும் கால் கழுவணுமா?” என்று தினமும் கேட்கிறார். “உங்க வாயையும் ஒரு முக்கு முக்கினா நல்லது” என்கிறாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

உங்கள்,
டிம்ப்னா

*

சேசு மரி சூசை துணை

கில்டேரி வீடு
14 ஆகஸ்ட் 2016

அன்புள்ள டிம்ப்னா,

நலம். நாளை மாதா பரலோகத் திருநாள். பாவத்தை அறிக்கையிட்டு ஒப்புரவு செய்துவிட்டுப் பூசைக்குப் போ.

குருவானவரின் காலணியை ஒரு பெண் கழுவச் சொன்னாள் என்று படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஆராய்ச்சி என்றால் மரியாதை வேண்டாமா? அவள் எந்தக் குடும்பம், எந்தப் பள்ளி என்று விசாரித்தாயா? ஊர் ஊராக நோய்ப்பட்ட காடுகளில் அலைந்துவிட்டு வருகிறவள் அவள். அடுத்தவரைக் காலணி கழுவ வைக்கிறாளே, அவள் காலணியைக் கழுவுவது யார்?

என் மரங்களைப் பற்றி அவளிடம் பேச்செடுக்காதே. என்னிடம் ஒன்றும் கேட்டு எழுதவும் வேண்டாம்.

கொத்து உள்ளே இருக்கிறது.

அட்ராக்டா

*

இனிஷ்கீரா
2 செப்டம்பர் 2016

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்களா? நாங்கள் இங்கே இடி விழுந்த மாதிரி இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை ரியோனா மூச்சிரைக்க ஓடி வந்தாள். “டிம்ப்னா அத்தை, கொஞ்சம் வாங்க, நான் பாக்கறது சரியான்னு நீங்களும் பாத்துச் சொல்லுங்க” என்றாள். பாவம், அவளுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? அவளுக்குத் துணை தேவைப்பட்டது.

கிணற்றடி மரத்தின் உச்சிக் கிளைகள் இரண்டு மொட்டையாகிவிட்டன. இன்னொரு கிளையில் பட்டை வெடித்து, பழுப்பாய் ஒரு புண். இலைகள் கறுத்துத் தொங்குகின்றன. ஒரு துண்டை வெட்டிப் பெட்டியில் போட்டு நிலையத்துக்கு அனுப்பினாள். நேற்று பதில் வந்தது. நுனிக்கருகல்தான்.

கடையில் ஒரே நேரத்தில் எல்லாரும் பேசினார்கள். “தீவுக்கு வெளியூர்க் காட்டிலருந்து வந்தது யாரு? இவ ஒருத்திதானே!” என்றார் கோல்மன். யாரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அண்ணி. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் கொத்தை வைத்துவிட்டேன். இந்த முறை மரத்துக்காகவும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

டிம்ப்னா

*

சேசு மரி சூசை துணை

கில்டேரி வீடு
9 செப்டம்பர் 2016

அன்புள்ள டிம்ப்னா,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உன் தாத்தாவுக்கு முன்பிருந்தே நிற்கிற மரம்! மலக்கி என்னை முதன்முதலில் தீவுக்கு அழைத்து வந்தபோது அந்த மரத்தடியில்தான் உட்கார வைத்தார்.

நான் முன்பே எழுதினேனா இல்லையா? கவனக் குறைவை நான் மன்னிப்பதில்லை. தவறு செய்தவர் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். மடத்தில் நமக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் பூசை முடிந்ததும் ஊருக்கு முன் நின்று மன்னிப்புக் கேட்கட்டும். சாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்.

இந்தச் சமயத்தில்தான் வேண்டுதல் அதிகம் தேவை. இரண்டு கொத்து வைத்திருக்கிறேன்.

அட்ராக்டா

*

இனிஷ்கீரா
28 செப்டம்பர் 2016

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் கேட்டு எழுதுகிறேன். ரியோனா நேற்று போய்விட்டாள். நிலையம் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. டிசம்பர் முதல் தேதி விசாரணை. காலணி வழியாக அவள்தான் நோயைக் கொண்டுவந்தாள் என்று முடிவானால், இனி எந்தக் காட்டிலும் அவளை விடமாட்டார்களாம். நீங்கள் சொன்னதைச் சாமியாரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

போகும் முன் சமையலறையில் உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். “அத்தை, இந்தக் காளான் இலையிலதான் நுழையும். இலை விழுந்து மக்கிப்போனாலும் காம்பு மட்டும் கறுத்துக் கிடக்கும். அடுத்த கோடையில அந்தக் காம்புல வெள்ளையா, குண்டூசித் தலை மாதிரி குட்டிக் குடை முளைக்கும். அதுலருந்து தூள் கிளம்பிப் பக்கத்து மரத்துல ஒட்டும். கிணத்தடிக் கல்லுக்குக் கீழ அப்படி அள்ள அள்ளக் கிடந்தது. இங்க எந்த மரமும் போன வருஷம் வரைக்கும் நோய்ப்படல. அப்போ அந்தக் காம்பு எங்கருந்து வந்தது? என் காலணியில மண் ஒட்டும். கொத்துக் கொத்தா காம்பு ஒட்டுமா?”

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கல்லின் அடிதான் நான் அண்ணனுக்காக வைக்கிற இடம். உடனே உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். ‘மலக்கியின் மரங்கள் நலம்’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அப்புறம்தான் நிம்மதி வந்தது. நீங்கள் ஒரு கால்புள்ளியைக்கூடத் தவறாகப் போடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? அதனால் நம் வேண்டுதலை அவளிடம் சொல்லிக் குழப்பவில்லை.

பதில் எழுதுங்கள். தனியாக இருப்பது போல் இருக்கிறது.

டிம்ப்னா

*

இனிஷ்கீரா
6 நவம்பர் 2016

அன்புள்ள அண்ணிக்கு,

எட்டு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? சகல ஆன்மாக்கள் திருநாளுக்காவது கொத்து வரும் என்று எதிர்பார்த்தேன். அண்ணனுக்கு வெறுங்கையோடுதான் போய் வேண்டிக்கொண்டேன்.

ரியோனா போகும் முன் சேகரித்து வைத்திருந்த விதையையெல்லாம் நிலையத்து ஆட்கள் வந்து எரித்துவிட்டார்கள். மூன்று மூட்டை. கடற்கரையில் புகை நேராக மேலே போயிற்று.

ரியோனாவிடமிருந்து ஒரு அட்டை வந்தது. “என்னைத் தவிர வேற யாரும் இல்லைன்னா நான்தானே அத்தை? எனக்கே சந்தேகம் வந்துருச்சு” என்று எழுதியிருக்கிறாள்.

விசாரணைக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

டிம்ப்னா

*

18 நவம்பர் 2016

டிம்ப்னா,

உட்கார்ந்துகொண்டு படி.

மலக்கியின் மரங்கள் நலமில்லை. 2014 கோடையிலேயே நானூறில் பாதி மொட்டையாகிவிட்டது. இன்றைக்கு முப்பது நின்றால் அதிகம். இரண்டு வருடமாக உனக்குப் பொய் எழுதினேன்.

ஏன் என்று நீ கேட்பாய். அந்தக் கன்றுகளை உன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். நம் ஊர் நாற்றுப் பண்ணைக்காரர், “மலக்கி, நம்ம மண்ணு விதையிலருந்து வந்ததையே நடு” என்று எங்கள் வாசலில் நின்று கெஞ்சினார். இவர் சிரித்தார். “உன் கன்னு வளைஞ்சு வளரும். என் மட்டை நேரா இருக்கணும்” என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். இந்த வட்டாரத்துக்கே நோய் அந்தக் கன்றுகளில்தான் வந்தது என்று பேச்சுக் கிளம்பியபோது அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஊரே அவரைக் கல்லறையிலிருந்து இழுத்துத் திட்டுவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். கேட்டைப் பூட்டினேன்.

வனத்துறையிலிருந்து ஏழு கடிதம் வந்தது. ஏழையும் பிரிக்காமல் அவர் மேசை இழுப்பறையில் போட்டேன். காம்பைப் பற்றி நீ எழுதிய செப்டம்பர் கடிதம் வந்த அன்று அத்தனையும் பிரித்தேன். இரண்டாவது கடிதத்தில், முதல் பக்கத்திலேயே இருக்கிறது: இலையையும் காம்பையும் தோப்பை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. தேதி மார்ச் 2015.

அதற்குப் பிறகும் மாதம் ஒன்று அனுப்பினேன். குளிர்காலத்துக்கென்று கோடையிலேயே பறித்துப் பூசைப் புத்தகத்தில் அழுத்தி வைத்து அனுப்பினேன். அவர் போனதிலிருந்து மொத்தம் முப்பத்தாறு கொத்து. பழுப்பு இல்லாதது கிடைக்காமல்தான் மூன்று நாள் தேடினேன். அப்போதும் மழை என்று எழுதினேன்.

ஏழு வாரம் பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். அந்தப் பெண் எழுந்து நின்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்தக் கடிதத்தை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் வாசிக்கட்டும். முழுவதும், நிறுத்தி நிறுத்தி, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. என் பெயரை விடக்கூடாது. மலக்கியின் பெயரையும் விடக்கூடாது. ஒரு பிரதியை நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். பூசைப் புத்தகத்தில் இன்னும் மூன்று கொத்து இருக்கிறது. சோதனைக்கு வேண்டும் என்றால் அவர்களே வந்து எடுத்துக்கொள்ளட்டும். நான் அஞ்சலில் அனுப்பமாட்டேன்.

அட்ராக்டா லாவெல்

*

இனிஷ்கீரா
15 ஜனவரி 2017

அண்ணிக்கு,

எழுத எட்டு வாரம் ஆயிற்று. நீங்கள் அனுப்பினீர்கள், சரி. வைத்தது என் கை. ஒவ்வொன்றையும் ஈரமாக இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளித்து வைத்தேன். ஜெபமாலையை எடுத்தாலே அந்த விரல்கள்தான் கண்ணில் படுகின்றன.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. பொய் எழுதக்கூடாது என்பதால் எழுதவில்லை.

கடிதத்தை வாசித்தார்கள். சாமியார் நீங்கள் சொன்னபடி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து கோல்மன் எழுந்தார். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டே, “அந்தப் புள்ளைய மாசக்கணக்கா நக்கலடிச்சேன். அதுக்கு இப்போ எங்க போய் முட்டிக்கிறது?” என்றார். பக்கத்தில் இருந்த அவர் அக்கா, “படகுல ஏறி அவ வீட்டுக்குப் போய் முட்டிக்கோ” என்றாள். போனார், அண்ணி. நிஜமாகவே போனார். ஒரு கூடை நண்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

வெளியே வரும்போது ஒருத்தி, “நம்ம சாமியார் வாசிச்சு இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்ல” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் உங்கள் முகம் நினைவுக்கு வந்தது.

விசாரணையில் ரியோனா மேல் குற்றம் இல்லை என்று ஆகிவிட்டது. வேலைக்குத் திரும்பிவிட்டாள். மரங்கள் திரும்பாது. அறுபத்தொன்றில் பதினான்குக்கு நோய். வரும் கோடையில் இன்னும் ஏறும் என்கிறாள். கிணற்றடி மரத்தைப் போன வாரம் வெட்டினார்கள். தண்ணீரில் இப்போது வானம் முழுசாகத் தெரிகிறது. பார்க்கச் சகிக்கவில்லை.

எழுதுங்கள். ஆனால் உறைக்குள் எதையும் வைக்காதீர்கள்.

டிம்ப்னா

*

சேசு மரி சூசை துணை

கில்டேரி வீடு
20 பிப்ரவரி 2017

அன்புள்ள டிம்ப்னா,

நலமா? இந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இன்னும் எனக்கு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கேட்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று நீ எழுதாதது நல்லது. எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

வியாழக்கிழமை ரியோனா வந்தாள். கேட்டுப் பூட்டை நானே திறந்துவிட்டேன். அவள் கதவைத் தட்டினாள். காலணி சுத்தமாக இருந்தது.

“என் மேல கோவமா இருக்கியா?” என்று கேட்டேன்.

“இருக்கேன், மிசஸ் லாவெல்.”

“நல்லது. உக்காரு. டீ குடிக்கிறியா?”

“குடிக்கிறேன். கோவம் அப்படியேதான் இருக்கும்.”

பூசைப் புத்தகத்திலிருந்து மூன்று கொத்தையும் இடுக்கியால் எடுத்துப் பையில் போட்டாள். நிலையத்தில் ஏற்கெனவே தீவு மரத்துக் காளானையும், கல்லுக்கடியில் கிடந்த நம் தோப்புக் காம்புகளின் காளானையும் ஒப்பிட்டுவிட்டார்களாம். அப்பன் பிள்ளை மாதிரி ஒத்துப்போகிறது என்றாள். நான் கேட்டேன், அதனால் சொன்னாள். குரலைத் தணிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நீ அவள் எந்தப் பள்ளி என்று விசாரிக்காவிட்டாலும் நான் கேட்டுவிட்டேன். நம் கன்னியர் மடத்துப் பெண்தான்.

பிறகு தோப்புக்குள் கூட்டிப் போனேன். இரண்டரை வருடமாக யாரையும் விடாத இடம். ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துச் சிவப்புச் சாயத்தில் குறி போட்டாள். ஒரு மரத்தில்கூடக் குறி போடாமல் நகரவில்லை. “ஒன்னாவது…” என்று ஆரம்பித்தேன். “இல்ல” என்றாள். வேலை ஆட்கள் இன்று காலை வந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். ரம்பச் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். மலக்கி எனக்கு இன்னமும் கணவர்தான். அவர் செய்தது தவறுதான். இரண்டையும் ஒரே வரியில் எழுத எனக்கு இவ்வளவு நாளாயிற்று.

திரும்பி வந்ததும் என் காலணியை மருந்துத் தொட்டியில் நானே கழுவினேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, “குதிகால்ல மண் இருக்கு. மறுபடியும்” என்றாள். எழுபத்தொன்பது வயதில் என்னை மறுபடியும் செய்யச் சொன்ன முதல் ஆள். செய்தேன்.

வசந்தத்தில் தீவுக்கு வரலாமா என்று கேட்கவில்லை. நீ வரச் சொன்னால் வருவேன். படகுத்துறையில் எல்லாரும் பார்க்கக் கழுவிவிட்டுத்தான் ஏறுவேன்.

இந்த உறைக்குள் இந்தத் தாளைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒட்டும் முன் தலைகீழாகப் பிடித்து மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டேன்.

உன் அண்ணி,
அட்ராக்டா